காரின் உட்கூரைத் துணி தொங்குகிறது: வேலூர்ப் பக்கம் நல்ல குஷன் கடை எது?

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 2001ஆம் ஆண்டு வாங்கி, இன்றும் காட்பாடிக்கும் குடியாத்தத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் காரின் உட்கூரைத் துணி, பின்னிருக்கைக்கு மேலே பந்தல் போலத் தொங்கி, அமர்பவர் தலையில் படுகிறது. பின்னால் வரும் வண்டிகளையும் மறைக்கிறது. விற்றுவிட அவருக்கும் எனக்கும் மனமில்லை.

40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பல கோடைகள் திறந்தவெளியிலேயே நின்றதால், துணிக்கும் அது ஒட்டப்பட்டிருக்கும் கூரை அட்டைக்கும் இடையிலுள்ள ஃபோம் பொடிந்து மாவாக உதிர்கிறது. சென்ற ஆண்டு துணியை மட்டும் பசை தடவி ஒட்டினோம். இரண்டே மாதத்தில் பிரிந்துவிட்டது. பசை அட்டையைப் பிடிக்காமல் அந்தப் பொடியைத்தான் பிடித்திருந்தது என்பது பிறகே புரிந்தது. ஆகவே அட்டையைக் கழற்றி, பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி எடுத்து, ஃபோம் பதித்த புதுத் துணியை வெப்பம் தாங்கும் பசையால் ஒட்ட விரும்புகிறேன். அட்டையை மடங்கி உடையாமல் வெளியே எடுப்பதுதான் பெருங்கவலை, ஏனெனில் இத்தனை பழைய வண்டிக்கு வேறு அட்டை கிடைப்பது அரிது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பகுதிகளில் இவ்வேலையைப் பொறுமையாகச் செய்து தரும் குஷன் கடை எது என்பதையும், தங்களுக்கு ஆன செலவையும், துணி எத்தனை கோடை தாங்கியது என்பதையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.