கடற்கரையில், காட்டில் இரவு தங்கிய மாற்றுத்திறனாளிகள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

குச்சவெளிக்காரன்

போன வைகாசி. நண்பர்கள் ஆறு பேர், தம்பி, நான். திருகோணமலைப் பக்கம், குச்சவெளிக்கு அப்பால், மீனவர் தங்கும் ஒரு மீன் வாடிக்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டிப் பாய் விரித்தோம். மணலில் சில்லுக் கதிரை உருளாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், தூக்கிக்கொண்டுதான் போனார்கள். நல்ல இரவு. மீன் சுட்டோம், வாடி நானா சம்பல் தந்தார். முள்ளந்தண்டில் அடிபட்டு 15 வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

விடியப்புறம் 3 மணியிருக்கும், விழித்துவிட்டேன். சிறுநீர்ப் பை நிரம்பியிருந்தது. வழக்கம்போல் கையை நீட்டினேன். கதிரை இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று தம்பி அதைக் கொண்டுபோய் வானுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். வான் வீதியோரம் நின்றது. அன்பில்தான் செய்தான், அந்தக் கதிரை வாங்க நாங்கள் பட்ட பாடு அவனுக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தால் ஏழு பேரும் எழும்பியிருப்பார்கள். கூப்பிட வாய் வரவில்லை. கதிரை நின்ற இடத்தில் மணலில் சில்லுத் தடம் இரண்டு இருந்தது. விடியும்வரை அதை விரலால் தடவிக்கொண்டு கிடந்தேன்.

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

தம்பலகாமத்துப் பிள்ளை

அண்ணா, உங்களுக்குக் கதிரை, எனக்குக் கால். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். இரவில் கழற்றாமல் படுத்தால் மறுநாள் தோல் உரிந்துவிடும், அதனால் மாமாவின் வயல்வாடியில் தங்கிய அன்றும் கழற்றி மூலையில் சாய்த்து வைத்தேன். அறுவடை நேரம். நடுச்சாமத்தில் பக்கத்து வயலில் யானையை விரட்டப் போடும் யானைவெடி கேட்டது. எல்லாரும் எழும்பி உழவு இயந்திரத்துக்கு ஓடினார்கள். என்னைத் தவிர.

யாரையும் குறை சொல்லவில்லை, பயத்தில் கால் தானாக ஓடும். பெரியம்மாவின் மகள் மட்டும் பாதி வழியில் திரும்பி வந்தாள். காலை எடுத்துத் தரவில்லை, மாட்டுவதற்கு நேரம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ரோச் லைட்டை அணைத்துவிட்டு என் பக்கத்தில் படுத்து என் வாயைப் பொத்தினாள். யானை வரம்போடு போனது. நெல் முறிகிற சத்தம் இப்போதும் கேட்கிறது. அவளுக்கு அப்போது வயது 13.

உப்புவெளி அண்ணா

தம்பி, தங்கச்சி இரண்டு பேரும் கோபிக்கக்கூடாது. இவை ஆயத்தம் இல்லாமல் போனதால் வந்தவை. நாங்கள் நான்கு கதிரைக்காரர்களை நிலாவெளியில் ஓர் இரவு தங்கவைத்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

மணலில் கதிரையை முன்னால் தள்ளவே கூடாது. சின்னச் சில்லு புதையும். திருப்பி, பெரிய சில்லு முன்னால் போகும்படி பின்புறமாக இழுங்கள். காற்று அடிக்கிற டயர் என்றால் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல் இறுக்கமாக இருக்கும், காய்ந்த மணலைக் கடக்கிற துண்டுக்கு மட்டும் தும்புப்பாய் இரண்டு போதும், ஒன்றைக் கடந்ததும் அதை எடுத்து முன்னால் விரிக்கலாம். பகலில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் கவனம் வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே ஒழுங்காக வியர்க்காது, உடம்பு சூடேறுவது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஈரத்துணியும் நிழலும் இல்லாமல் போகாதீர்கள். உணர்வில்லாத காலை அடுப்புக்குப் பக்கத்தில் நீட்ட வேண்டாம், வெந்தாலும் தெரியாது. மெத்தை இல்லாமல் வெறும் பாயில் படுத்தால் புண் வரும், ஒரே பக்கமாகக் கிடக்காமல் திரும்பிப் படுக்க வேண்டும். கழிப்பறைக்குக் கொமட் கதிரையைக் குழியின் மேல் வைத்து, சுற்றிச் சாக்குக் கட்டினால் போதும். ஐப்பசி தொடங்கித் தை வரை இந்தக் கரையில் தங்குவதை மறந்துவிடுங்கள், மழையும் கடலும் விடாது.

யானை வருகிற இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு, தங்கச்சி.

கிண்ணியா உம்மா

என் மகனுக்குக் காது கேட்காது, கையால்தான் பேசுவான். பாடசாலைப் பிள்ளைகளோடு ஓர் இரவு வெளியில் தங்கப் போனோம். நெருப்பைச் சுற்றி இருந்து அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான், நான் ரோச் பிடித்திருந்தேன். பூச்சி வருகிறது, லைட்டை அணையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். நெருப்பும் தணிந்திருந்தது. நான் அணைத்துவிட்டேன். அவன் இருட்டில் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தது நிழலாகத் தெரிந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டான்.

அணைத்தது என் கை. அதுதான் எழுத வந்தேன்.

தம்பலகாமத்துப் பிள்ளை

உப்புவெளி அண்ணா, நீங்கள் சொன்ன தும்புப்பாய் யோசனை நல்லது, எழுதி வைத்துவிட்டேன். ஆனால் யானை வருகிற இடத்துக்குப் போகாதே என்கிறீர்கள். அது எங்கள் வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயலில் எங்கள் ஆட்கள் காவல் இருக்கிற இடம். காலோடு இருக்கிற என் தங்கையிடம் இதை நீங்கள் சொல்வீர்களா?

ஆயத்தம் எல்லாம் எங்கள் தலையில்தானா என்றும் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் கட்டடத்தை மட்டும் சொல்லவில்லை, பொது இடங்களையும் சொல்கின்றன. கடற்கரை பொது இடம். வீதியிலிருந்து மணல்வரை ஒரு சாய்தளம், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம், கதவு அகலமான ஒரு கழிப்பறை. நான்கு கதிரைகளை நீங்கள் சிரமப்பட்டு இழுத்தீர்கள். நல்ல மனம். ஆனால் அடுத்த கிழமை அந்த நான்கு பேரில் ஒருவர் தனியாகப் போக நினைத்தால் எப்படிப் போவார்?

சாம்பல்தீவான்

குச்சவெளி அண்ணா, நான் உங்கள் தம்பி செய்ததையே செய்தவன். அக்காவை மரநிழலில் பாயில் இருத்திவிட்டுக் கதிரையை மடித்து, அதன் மேல் சாப்பாட்டுச் சாமான்களை அடுக்கினேன். மூன்று தரம் கேட்டாள். நாங்கள் எல்லாரும் இருக்கிறோம்தானே அக்கா என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வானுக்குள் கதிரைச் சில்லின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள், வீடு வரும்வரை எடுக்கவில்லை. ஏன் என்று எனக்கு உங்கள் பதிவைப் படிக்கும்வரை விளங்கவில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள் அண்ணா. எங்களுக்குத் தெரியாது.

குச்சவெளிக்காரன்

அவன் கடலுக்குப் போயிருக்கிறான். காலையில் வருவான்.