கட்-ஆஃப் 184, லிஸ்ட்ல பஸ் போற காலேஜ் மட்டும்தான்

நமக்கு திருப்பூருங்க. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா தெருப் பசங்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் அப்ளிகேஷன், சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் போட்டுக் குடுப்பேன், அப்பிடி போன வருஷம் ஒரு பையன் வந்தான், ஆறாவதுல இருந்தே கவர்மென்ட் ஸ்கூல், அப்பா பனியன் கம்பெனில பவர் டேபிள் டெய்லர், அம்மா அங்கயே செக்கிங், லீவு விட்டா இவனும் டெய்லருக்கு துணி மடிச்சுக் குடுக்கற கைமடி வேலைக்குப் போயிருவான். கட்-ஆஃப் 200க்கு 184. எந்தெந்த காலேஜ்னு நோட்டுல எழுதியே கொண்டு வந்திருந்தான், பாத்தா எல்லாமே அவிநாசி ரோட்டுல பஸ் நிக்கற காலேஜுங்க. சென்னை கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் இல்ல, குரோம்பேட்டை எம்ஐடி இல்ல, கோயமுத்தூர் கவர்மென்ட் காலேஜ் ஜிசிடி கூட இல்ல. ஏன் தம்பின்னா, "அங்கெல்லாம் ஹாஸ்டல்ல தங்கோணுங்க்கா, நமக்கு ஆகாதுங்க"ங்கறான், ஒரு வருத்தமும் இல்லாம.

அதே வாரம் எக்ஸ்போர்ட் பண்றவங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு, கட்-ஆஃப் 150 கூட வரல, ஆனா எந்த பிராஞ்ச், அப்புறம் எம்எஸ் ஜெர்மனியா கனடாவா வரைக்கும் பேசி முடிச்சாச்சு. நல்ல புள்ளதான், அது மேல ஒண்ணும் கோவமில்ல. சித்தி மாமான்னு எல்லாரும் படிச்சவங்க, சோறு திங்கறப்பவே இதெல்லாம் காதுல விழுந்துருது. இவன் இருக்கற லைன் வீட்டுல காலேஜ் போன ஆளே கிடையாது. அதுதான் வித்தியாசம், இந்தப் பசங்களுக்கு ஆசையே இல்லைன்னு யாராச்சும் சொன்னா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

2021ல இருந்து இன்ஜினியரிங்குக்கும் கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்குன்னு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குல்ல, அதுல சீட் கெடச்சா ஹாஸ்டல் ஃபீஸும் கவர்மென்ட்டே கட்டிரும். டியூஷன் ஃபீஸ் இல்லைங்கறது வரைக்கும்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் போற பசங்களுக்கு மாசம் 1000 ரூபா வர்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் பத்தியும் யாரும் சொல்லல.

அவங்கம்மாதான் லேசுல ஒத்துக்கல. "நாலு வருசம் கழிச்சு வேலை கெடைக்கும்னு யாரு கண்ணு சொல்லுவா, இங்க இருந்தா சனிக்கிழமையானா சம்பளம்"னாங்க. தப்புன்னு சொல்ல முடியல, வாடகை கட்டறது அவங்கதான. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு அவங்கப்பா வந்த பிறகு மறுபடி உக்காந்து பேசி, கிண்டியை மேல போட்டு லிஸ்ட்ட மாத்துனோம். சென்னையிலயே மெக்கானிக்கல் கெடச்சு இப்ப படிச்சிட்டு இருக்கான்.

ஹாஸ்டல் ஃபீஸ் விசயத்த பதினொண்ணாவதுலயே சொல்லிருங்க, பையன்கிட்ட மட்டும் இல்ல, அம்மா அப்பாவையும் உக்கார வெச்சு. உங்க ஊர்ல எப்பிடின்னும் எழுதுங்க.