5ஜி இருக்க கேமரா பக்கத்தில் கணினி எதற்கு?

பெல்ட்காரன்: "ஆலைக் கேமராவின் படத்தைச் சோதிக்கும் வேலையை எட்ஜ் சர்வருக்கு, அதாவது பக்கத்திலேயே இருக்கும் பொதுக் கணினிக்குத் தள்ளிவிடுங்கள், 5ஜியில் 1 மில்லிசெகண்டில் விடை, 99.999% உத்தரவாதம். கேமரா பக்கத்தில் கணினியே வேண்டாம்" என்று அலைக்கற்றை சார் நேற்று எழுதியிருந்தார். படித்ததும் காபி புரையேறிவிட்டது. அந்த 1 மில்லிசெகண்டு 32 பைட் அளவுள்ள குட்டித் தரவுப் பாக்கெட்டுக்கு. அதுவும் ரேடியோவில் ஒரு வழிக்கு மட்டும். 'திருவண்ணாமலை' என்று யூடிஎஃப்-8இல் (எழுத்தைப் பைட்டாக்கும் ஒரு முறை) தட்டினாலே 36 பைட்! படம் எங்கே அடங்கும்?

அலைக்கற்றை: ஐடியூவின் (உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு) 2017 ஆவணத்தில் 1 மில்லிசெகண்டு இருக்கிறது. நானாகவா சொன்னேன்? போன மாதம் வைஃபை இழையிலும் இப்படித்தான் வம்புக்கு வந்தீர்கள்.

பெல்ட்காரன்: 32 பைட்டும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. அது மட்டும் கண்ணில் படவில்லையா? எங்கள் ஆலையில் பாட்டில்கள் ஓடும் லைனில், மூடி கோணலான பாட்டிலைக் கேமரா படத்தில் கண்டுபிடித்துக் காற்றடித்துத் தள்ள வேண்டும். நடுவே ஃபோர்க்லிஃப்ட் (சரக்கு தூக்கும் வண்டி) தகரக்கட்டோடு போனால் சிக்னல் படுத்துவிடும். படத்தை மறுபடி அனுப்பி, அது சர்வரில் வரிசையில் நின்று, விடை வருவதற்குள் கோணல் மூடி தாண்டிப் போயிருக்கும். அடி வாங்குவது பின்னால் வந்த நல்ல பாட்டில். இதில் 1 மில்லிசெகண்டு எங்கே?

மூன்றாம்ஆள்: ஒரே படத்தை இரண்டு சர்வருக்கு அனுப்பி, முதலில் வரும் விடையை எடுத்தால் என்ன?

பெல்ட்காரன்: ஒரு கேமராவுக்குச் சரி. எல்லாக் கேமராவும் இரட்டிப்பாக அனுப்பினால் இரண்டு வரிசையும் நீளும். ஒரு விடைகூடத் தவறக் கூடாது என்று போய், எல்லா விடையையும் தாமதமாக்குவீர்கள்.

யூனிகோடுஅண்ணன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'திருவண்ணாமலை' யூடிஎஃப்-16இல் 24 பைட்தான்.

அலைக்கற்றை: பார்த்தீர்களா, 32 பைட்டுக்குள் அடங்குகிறது!

பெல்ட்காரன்: நான் பேசுவது பாட்டில் படத்தைப் பற்றி. ஊர்ப் பெயரைப் பற்றி அல்ல.

யூனிகோடுஅண்ணன்: ஊர்ப் பெயரை இழுத்தது நீங்கள்தான்.

அலைக்கற்றை: படத்தை அப்படியே அனுப்பச் சொன்னது யார்? கேமராவிலேயே சுருக்கி அனுப்புங்கள்.

பெல்ட்காரன்: "கேமரா பக்கத்தில் கணினியே வேண்டாம்" என்றவர் இப்போது கேமராவிலேயே சுருக்கச் சொல்கிறார். எதை வைத்துச் சுருக்குவது, விரலை வைத்தா?

அலைக்கற்றை: 20 வருஷம் டெலிகாமில் இருந்தவனிடம் பேசுகிறீர்கள். உங்கள் ஆலையில் ஆன்டெனாவைத் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1 மில்லிசெகண்டு என்றால் 1 மில்லிசெகண்டு.

பெல்ட்காரன்: 32 பைட்.

அலைக்கற்றை: 1 மில்லிசெகண்டு.

மூன்றாம்ஆள்: அந்த ஃபோர்க்லிஃப்டை வேறு வழியில் விடச் சொன்னால்?

பெல்ட்காரன்: சொல்லிப் பார்த்தாயிற்று. ஓட்டுநர் அண்ணனுக்கும் தாமதம் ஆகக் கூடாதாம். சார், 32 பைட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

யூனிகோடுஅண்ணன்: ஒரு திருத்தம். முன்னால் பிஓஎம் (பைட் வரிசையைச் சொல்லும் குறி) சேர்த்தால் யூடிஎஃப்-16இல் 26 பைட்.