மின்முனை ஆய்வில் கண்டவை: டெல்டாக்காரர்களின் அனுபவப் பகிர்வு

தஞ்சாவூர், ஆய்வு மாணவி:

உமியிலிருந்து சிலிக்கான் எடுத்து லித்தியம் அயனி பேட்டரிக்கு எதிர்மின்முனை செய்வதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நெல் விளையும் ஊரில் பிறந்துவிட்டு உமியை விட்டு எங்கே போவாய் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஆனால் இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் ஊர்ப்பற்று அன்று, எண்கள்தாம். இன்றைய பேட்டரிகளில் உள்ள கிராஃபைட் கோட்பாட்டளவில் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம்தான் தாங்கும். சிலிக்கானோ அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 3,580 வரை தாங்கும். உமியிலிருந்து நானோ சிலிக்கான் எடுத்து மின்முனை ஆக்கலாம் என்பதைத் தென்கொரியாவிலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் இருந்த குழுக்கள் 2013ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டன. ஆகவே செய்ய முடியுமா என்று நான் கேட்கவில்லை. நம் பக்கத்து உமியை வைத்து, சாதாரண வசதிகள் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் செய்ய முடியுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை முழுதும் எரித்தால் 15 முதல் 20 விழுக்காடு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்காவை உமியின் மேல்தோலில் படியவிடும்போதே நானோ அளவுத் துகள்களாகத்தான் படியவிடுகிறது. அந்த நுண்ணமைப்பைச் சிதைக்காமல் வெளியே கொண்டுவருவதே எங்கள் வேலையில் பாதி. ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடக்கும் பாய்லர் சாம்பலையே அள்ளிக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். பாய்லரில் சூடு ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருப்பதில்லை. சூடு மிகுந்த இடத்தில் சிலிக்கா படிகமாக இறுகிவிடுகிறது, சூடு போதாத இடத்தில் கரி அப்படியே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு உமியில் உள்ள பொட்டாசியம் சிலிக்காவை இளகச் செய்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, கரியையும் உள்ளே சிறைப்பிடித்துவிடும். அதனால் உமியாகவே வாங்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றை நீக்கி, நன்கு கழுவி உலர்த்திய பிறகுதான் மஃபிள் ஃபர்னஸ் என்ற மின்னுலையில் 700 டிகிரியில் எரிக்கிறோம். வெளியே எடுக்கும்போது ஒவ்வோர் உமியும் தன் படகு வடிவம் சற்றும் மாறாமல், வரிகள்கூட அழியாமல், வெள்ளை வெளேரென்று இருக்கும். இடுக்கியால் தொட்டவுடன் பொடிந்துவிடும்.

அடுத்த படியில்தான் கவனம் முழுவதும் வேண்டும். சிலிக்காவை மெக்னீசியப் பொடியோடு கலந்து, ஆர்கான் வாயுவில் சுமார் 650 டிகிரிக்குச் சூடாக்கினால், மெக்னீசியம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிலிக்கானை விட்டுவிடும். இந்த வினையே பெருஞ்சூட்டை வெளிவிடுவதால், கட்டுப்படுத்தாவிட்டால் உருவாகிற சிலிக்கான் உருகித் தன் நானோ அமைப்பை இழந்துவிடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத்தான் சோடியம் குளோரைடு, அதாவது வெறும் உப்பு, கலவையில் சேர்க்கப்படுகிறது; அது 801 டிகிரியில் உருகும்போது வெப்பத்தை விழுங்கிவிடும். வேதாரண்யம் உப்பையே போடலாமே என்று உடன் ஆய்வு செய்யும் தோழி கேட்டாள். உப்பளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சூடான மெக்னீசியமும் ஈரமும் சந்தித்தால் ஹைட்ரஜன் வரும். ஆகவே தூய உப்பை அடுப்பில் உலர்த்தித்தான் சேர்க்கிறோம்.

வினை முடிந்தபின் அமிலத்தில் கழுவும்போது ஒரு காட்சி உண்டு. மெக்னீசியம் எங்காவது மிகுந்திருந்தால் மெக்னீசியம் சிலிசைடு உருவாகியிருக்கும். அது அமிலத்தைத் தொட்டவுடன் சிலேன் வாயுவாக மாறி, குமிழி மேலே வந்து காற்றில் பட்ட கணமே சிறு பொறியாக ‘பட்’ என்று வெடிக்கும். பொடியைச் சிட்டிகை சிட்டிகையாக, வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்துத்தான் போடவேண்டும். முதன்முறை பார்ப்பவர்களுக்குத் தீபாவளி நினைவு வரும். எனக்கு மெக்னீசியக் கணக்கைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்ற நினைவுதான் வரும். கழுவி முடித்தால் மிஞ்சுவது பழுப்பு நிறப் பொடி.

கும்பகோணம் பக்கம், அரிசி ஆலை நடத்துபவர்:

தங்கை எழுதியதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். எங்கள் ஆலையில் நெல் அவிப்பதற்குத் தேவையான நீராவி உமியை எரித்தே கிடைக்கிறது. மிஞ்சுகிற உமியையும் பாய்லருக்கு என்று வெளியே வாங்கிப் போகிறார்கள். அதனால் உமி கழிவு, இலவசம் என்று கல்லூரிகளிலிருந்து வருபவர்கள் பேசும்போது எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது. கழிவு என்று சொல்லத்தக்கது சாம்பல்தான். அதைப் பள்ளம் நிரப்பவும் செங்கல் சூளைக்கும் கேட்டு வருவார்கள், மற்றபடி காற்றடித்தால் அக்கம்பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியெல்லாம் கறுத்துப்போய் சண்டைக்கு வருவார்கள். நீங்கள் உமிதான் வேண்டும், சாம்பல் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் பேட்டரி செய்கிற அளவுக்கு வளர்ந்தால் எங்கள் உமிக்கு நல்ல விலை வருமா, அல்லது இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுமா என்பதையும் யாராவது சொல்லவேண்டும்.

திருச்சி, ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்:

ஆலைக்காரரின் கேள்விக்கு முதலில் கணக்கோடு விடை சொல்கிறேன். ஒரு டன் நெல்லில் 200 கிலோ உமி. அதில் 35 கிலோ அளவுக்குச் சாம்பல். அதில் 30 கிலோவுக்குச் சற்று மேல் சிலிக்கா. சிலிக்காவின் எடையில் சிலிக்கான் பாதிக்கும் குறைவு என்பதால், ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தால்கூட சுமார் 15 கிலோ சிலிக்கான் கிடைக்கும். இது சிறிய அளவு அன்று. ஆனால் ஒரு கிலோ சிலிக்கான் எடுக்கக் குறைந்தது 1.7 கிலோ மெக்னீசியம் செலவாகும் என்பதை யாரும் பேசுவதில்லை. செலவு உமியில் இல்லை ஐயா, மெக்னீசியத்திலும் அமிலத்திலும் கழுவும் தண்ணீரிலும் இருக்கிறது. உமியை நீங்கள் இலவசமாகவே கொடுத்தாலும் சிலிக்கானின் விலை பெரிதாக இறங்காது. ஆகவே உமிக்கு விலை ஏறும் என்று நம்பிப் பாய்லரை மாற்றிவிடாதீர்கள்.

மாணவிக்கு: நன்றாகச் செய்கிறீர்கள் அம்மா. ஆனால் 3,580 என்ற எண்ணை முன்னால் வைக்கும்போது அதன் மறுபக்கத்தையும் வைக்கவேண்டும். லித்தியம் முழுதும் ஏறும்போது சிலிக்கானின் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பெரிய துகளாக இருந்தால், அவிக்கும்போது உமி வாய்பிளப்பதுபோல், பிளந்துவிடும். சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் பிளவுபடாமல் ஊதிச் சுருங்கும். அதுவரை நானோவுக்கு நன்மை. ஆனால் துகள் சிறியதாக ஆக மேற்பரப்பு பெருகுகிறது. மேற்பரப்பு பெருகப் பெருக அங்கே மின்பகுபொருள் (மின்முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் திரவம்) சிதைந்து படியும் படலமும் பெருகுகிறது. ஒவ்வொரு முறை ஊதிச் சுருங்கும்போதும் அந்தப் படலம் கிழிந்து புதிதாக உருவாகி லித்தியத்தைத் தின்றுகொண்டே போகிறது. ஒரு மின்முனையை மட்டும் சோதிக்கக் கட்டும் அரைக்கலத்தில், எதிரே லித்தியத் தகடு கணக்கில்லாமல் லித்தியம் கொடுத்துக்கொண்டிருப்பதால், இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு சுழற்சிக்கு 99 விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது என்றால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையான பேட்டரியைப் போல லித்தியம் அளந்து வைக்கப்பட்ட முழுக்கலத்தில் 100 சுழற்சிகளுக்குப் பிறகு மிஞ்சுவது சுமார் 37 விழுக்காடுதான். 99.9 விழுக்காடு இருந்தால் 90 மிஞ்சும். எனவே மின்னூட்டக் கொள்ளளவை விட இந்தத் தசம எண்ணைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன்.

மின்முனையின் மேற்பரப்பில் மின்னூட்டத்தைச் சேர்த்து விரைவாக ஏற்றி இறக்கும் சூப்பர் கெபாசிட்டர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். வாய்மொழித் தேர்வு ஒன்றுக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். நிக்கல் நுரையின் மேல் நிக்கல் ஆக்சைடு நானோ இதழ்களை வளர்த்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அளந்து, கிராமுக்கு 2,000 ஃபாரடுக்கு (மின்தேக்கு திறனின் அலகு) மேல் என்று அந்த மாணவர் திரையில் காட்டினார். மின்னுண்ணோக்கிப் படம் அழகாக இருந்தது. “தம்பி, பூச்சில்லாத வெறும் நுரையை அதே கரைசலில் அளந்தீர்களா?” என்று கேட்டேன். அளக்கவில்லை. வெறும் நிக்கல் நுரையே காரக் கரைசலில் ஹைட்ராக்சைடு படலம் பூண்டு மின்னூட்டம் சேர்க்கும். மேலே பூசியது ஒரு மில்லிகிராம் என்றால், நுரை கொடுத்ததையும் சேர்த்து அந்த ஒரு மில்லிகிராமால் வகுத்தால் எண் ஊதிப்போகும். இரண்டாவதாக, அவருடைய மின்னிறக்க வரைகோடு நேராக இறங்கவில்லை. நடுவில் சமதளமாக நின்றது. அப்படி நின்றால் அது பேட்டரிக் குணம். அதை ஃபாரடில் சொல்வதே பொருந்தாது, கூலும்பிலோ ஆம்பியர் மணியிலோ சொல்லவேண்டும். வழிகாட்டியின் முகம் சற்றுச் சுருங்கியது. மாணவர் மட்டும் குறித்துக்கொண்டார்.

பட்டுக்கோட்டை, கரி ஆய்வில் இருப்பவர்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் தேங்காய்ச் சிரட்டையோடு வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் கொப்பரைக் களங்களில் அது மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. சூப்பர் கெபாசிட்டருக்கென்று உலகச் சந்தையில் விற்கும் கரிகளில் பெயர்பெற்ற சில சிரட்டையிலிருந்து வருபவைதாம் என்பதால் இதில் புதுமை என்று நான் பெருமை கொள்ளவில்லை.

சிரட்டைக் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு அரைத்து நைட்ரஜனில் 700 முதல் 800 டிகிரி வரை சூடாக்கினால் கரியெங்கும் நுண்துளைகள் அரிக்கப்படும். சூடாக்கும் கிண்ணமான புடக்குகை அலுமினாவாக இருந்தால் அதை அந்தக் காரம் தின்றுவிடும். நிக்கல் புடக்குகைதான் நிற்கும். அந்த வெப்பத்தில் உலோகப் பொட்டாசியமும் உண்டாகலாம் என்பதால், ஃபர்னஸ் முழுதும் ஆறாமல் திறக்கக் கூடாது, முதல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

நைட்ரஜன் வாயுவைப் புகுத்தி அளந்த பரப்பளவு கிராமுக்கு 2,500 சதுரமீட்டர் என்று அறிக்கை வரும்போது எல்லோரும் மகிழ்கிறார்கள். நான் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பேன்: கரியின் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 1,000 சதுரமீட்டர் பரப்பு 100 ஃபாரட் கொடுக்கவேண்டும். 2,500 என்று சொல்லும் கரி 120 ஃபாரட் மட்டும் கொடுத்தால், பாதிக்கு மேற்பட்ட துளைகளில் நைட்ரஜன் புகுந்ததே தவிர அயனி புகவில்லை என்று பொருள். பிறகு, அடர்த்தி. அதிகமாக அரிக்கப்பட்ட கரி பஞ்சாகிவிடும். கிராமுக்கு நல்ல எண் கொடுக்கும், ஆனால் ஒரு கன சென்டிமீட்டருக்குள் கால் கிராம்கூட அடங்காவிட்டால் அதைச் சிறிய உறைக்குள் திணிப்பது எப்படி? நான் இப்போது அரிப்பை வேண்டுமென்றே குறைத்து, பரப்பளவு 1,600 அளவில் நிறுத்திக்கொள்கிறேன். கட்டுரைக்கு அழகில்லை, மின்முனைக்கு அதுவே பொருந்துகிறது.

நாகப்பட்டினம், ஆய்வுக்கூட உதவியாளர்:

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடிக்கும் ஈரக் காற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. மழைக்காலத்தில் பூசிய மின்முனைகளை வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் இரவு முழுக்க வைத்த பிறகே ஈரமும் காற்றும் புகாத குளோவ் பாக்ஸுக்குள் அனுப்புகிறோம். கரியில் தங்கிய ஈரம் பேட்டரித் திரவத்தில் உள்ள லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்போடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபின் பல நாள் மின்சாரம் இல்லாமல் போனதில் சுழற்சிச் சோதனைகள் எல்லாம் நடுவழியில் நின்றன. மின்சாரம் வந்தபின் எடுத்துப் பார்த்தால், நாணய வடிவக் காயின் செல் பேட்டரிகளில் மின்னழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. முழுதும் மின்னேற்றி வைத்திருந்த சூப்பர் கெபாசிட்டர்கள் பெருமளவு வடிந்திருந்தன. தன்மின்னிறக்கத்தை யாரும் திட்டமிட்டு அளக்காத எங்கள் கூடத்தில் அன்றுமுதல் அதுவும் ஒரு சோதனையாகச் சேர்ந்துவிட்டது.

திருச்சி, ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்:

பட்டுக்கோட்டைத் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மின்முனையைத் தனியாக அளக்கும் மூன்று மின்முனை அமைப்பில் கிராமுக்கு 200 ஃபாரட் தரும் கரியை இரண்டு சமமான மின்முனைகளாக வைத்துக் கலம் கட்டினால், மொத்தக் கரி எடைக்கு 50 ஃபாரட்தான் வரும். நீர்க்கரைசலில் ஒரு வோல்ட் வரை ஏற்றினால் கரியின் கிலோவுக்கு ஏறக்குறைய 7 வாட் மணி. தகடு, பிரிப்பான், திரவம், உறை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் அதிலும் ஒரு சிறு பகுதிதான். 2011இலேயே கோகோட்சி, சிமோன் என்ற ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் இதைத் தெளிவாக எழுதினார்கள்: விற்பனைக்கு வரும் மின்முனையில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் பொருள் இருக்கும்போது, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகப் பூசிய படலத்தின் எண்ணைக் கொண்டு கருவியின் தரத்தை ஊகிக்க முடியாது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் அந்தக் காலத்தில் எங்களைப் பயிற்றுவித்தவர்கள், தடிமனும் எடையும் எழுதாத வரைபடத்தைக் கையில் வாங்கவே மாட்டார்கள்.

தஞ்சாவூர், ஆய்வு மாணவி:

நன்றி ஐயா. தற்போது பூச்சு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. அதைக் கூட்டினால் உலரும்போதே பூச்சு செப்புத் தகட்டிலிருந்து உரிந்து வருகிறது. துகள்களை ஒட்டவைக்கும் வழக்கமான பிவிடிஎஃப் பிணைப்பிக்குப் பதிலாக நீரில் கரையும் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் சேர்த்தபின் உரிவது குறைந்திருக்கிறது. சிலிக்கானைத் தனியாக வைக்காமல் கிராஃபைட்டில் பத்தில் ஒரு பங்கு கலந்தும் பூசுகிறேன். பெரும்பாலான நிறுவனங்களும் சிலிக்கானைச் சிறிதளவாகக் கலந்துதான் பயன்படுத்துகின்றன. அடுத்து லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை எதிரே நேர்மின்முனையாக வைத்து முழுக்கலம் கட்டப்போகிறேன். ஆலைக்கார அண்ணன் குறுவை உமியையும் சம்பா உமியையும் தனித்தனி மூட்டையில் கொடுத்தால், இரண்டிலும் பொட்டாசிய அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.