காணொளி அழைப்பில் மூட்டுவாதப் பயிற்சி: வெள்ளவத்தையிலிருந்து என் அனுபவம்

ருமட்டொயிட் மூட்டுவாதம் (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் நோய்) உள்ளவர்கள் வீட்டில் இருந்தபடியே காணொளி அழைப்பில் உடற்பயிற்சிச் சிகிச்சை பெறுவதால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்றே நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் மறுமுனையில் இருப்பவர் நமது அசைவைக் கவனித்துத் திருத்துபவராக இருக்க வேண்டும். பயிற்சிப் படங்கள் அச்சிட்ட ஒரு தாளைத் தந்து அனுப்பிவிட்ட நிலையம் ஒன்றுக்கும் முன்னர் போயிருக்கிறேன். எவ்வளவு வலிக்கும் வரை செய்யலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்ற ஒரு வரிகூட அதில் இருக்கவில்லை.

இலங்கையில் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கிளினிக்குக்குப் போய்வருவதே பெரும்பாடாகிவிட்டது. முச்சக்கர வண்டி கிடைப்பதில்லை. காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் எனக்கு, நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது இயலாத காரியம். அந்த நிலையில்தான் என்னுடைய வாதநோய் வைத்தியர், வட்ஸ்அப் காணொளியில் பயிற்சி தரும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவரை அறிமுகப்படுத்தினார்.

முதல் அழைப்பில் அவர் எந்தப் பயிற்சியும் தரவில்லை. கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்றுதான் கேட்டார். நீண்ட காலம் இந்த நோய் உள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான மூட்டு தளர்ந்திருக்கக்கூடும் என்றும், அது தெரியாமல் கழுத்துப் பயிற்சி செய்தால் முள்ளெலும்புகளுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் நசுங்கும் ஆபத்து உண்டு என்றும் விளக்கினார். பயிற்சியைத் தொடங்குமுன் ஒரு தடவையாவது நேரில் வரச் சொன்னார். "வீங்கின மூட்டின்ர சூட்டை ஃபோன் காட்டாது அம்மா, நான் தொட்டுப் பார்க்க வேணும்" என்று அவர் சொன்ன அன்றே எனக்கு அவர் மீது முழு நம்பிக்கை வந்துவிட்டது.

கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பும் பயிற்சியை அவர் கற்பித்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியை ஒரு மைலோ டின்னில் சாய்த்து, முதலில் பக்கவாட்டிலும் பின்னர் நேர் முன்னாலும் வைக்கச் சொன்னார். பக்கவாட்டில் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. முன்னால் வைத்த பிறகுதான், நான் எழும்பும் ஒவ்வொரு தடவையும் வலது முழங்கால் உட்பக்கமாகச் சரிவதை அவர் கண்டார். உடனே கதிரையில் ஒரு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டி, பாதங்களைச் சற்று அகட்டி வைக்கச் செய்தார். மடித்த துவாயைப் பிழியும்போதும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாக ஒதுங்குவதை அவரே கவனித்துப் பிடியை மாற்றினார். நான் வீட்டில் இருந்தபடியே செய்ததால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: நான் திருவலையில் தேங்காய் திருவுவதையும் செய்துகாட்டச் சொல்லி, மணிக்கட்டு எங்கே வளைகிறது என்று சுட்டிக்காட்டினார். கிளினிக் அறையில் இது நடந்திருக்காது.

அவர் தந்த விதி எளிமையானது. பயிற்சிக்குப் பின் கூடிய வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த நாள் அளவைக் குறைக்க வேண்டும். அடியோடு நிறுத்தக் கூடாது. நோய் முறுகும் நாட்களில் மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்தினால் போதும்.

மூட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து முடங்கிக் கிடப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன். இங்கிலாந்தில் ருமட்டொயிட் மூட்டுவாதம் உள்ள 490 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் லான்செட் இதழில் வெளியான சாரா ஆய்வில், வழமையான சிகிச்சையோடு கைகளை நீட்டும், வலுப்படுத்தும் பயிற்சிகளையும் செய்தவர்களின் கைச் செயற்பாடு ஓராண்டின் பின்னரும் மேம்பட்டிருந்தது. அவர்களுக்குச் சிகிச்சையாளர்கள் நேரில்தான் கற்பித்தார்கள், ஆனால் அன்றாடம் செய்தது வீட்டில்தான்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாளின் மகனுக்கு அங்கைலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு விறைத்து மெல்ல முன்னால் கூனிவிடக்கூடிய ஒரு வகை மூட்டுவாதம். அவனுக்குச் சுவரில் முதுகும் குதிகாலும் படும்படி நின்று நிமிரும் பயிற்சியும் ஆழ மூச்செடுக்கும் பயிற்சியும் தரப்பட்டன. பின்தலைக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தை மச்சாள் பாடசாலை அடிமட்டத்தால் அளந்து கமராவுக்குக் காட்டுவாள். அந்த அளவு கூடாமல் இருப்பதே பெரிய விடயம் என்று அவனுடைய இயன்மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. மின்வெட்டு நாட்களில் இணையம் துண்டிக்கப்பட்டு, பாதிப் பயிற்சி வெறும் குரல் வழியாகவே நடந்தது. நீண்ட காலம் ஸ்டீரொயிட் எடுத்து எலும்பு மெலிந்தவர்கள், நின்று செய்யும் பயிற்சியின்போது வீட்டில் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். திடீரென ஒரு மூட்டு மாத்திரம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, கைகால்களில் புதிதாக விறைப்போ பலவீனமோ தெரிந்தாலோ, அடுத்த அழைப்புக்காகக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.