பழைய எஸ்யூவி: ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, கேபிளை இறுக்கினால் போதுமா?

கேள்வி:
முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள பழைய எஸ்யூவி. ஹேண்ட் பிரேக் லீவரை முக்கால்வாசிக்கு மேல் இழுத்தால்தான் மேட்டில் வண்டி நிற்கிறது. கால் பிரேக்கும் பாதிக்குக் கீழே போய்த்தான் பிடிக்கிறது. அடுத்தடுத்து இரண்டு தடவை மிதித்தால் பெடல் மேலே வந்துவிடுகிறது. கேபிளை இறுக்கினால் போதுமா, ஷூ (டிரம்மின் உட்புறத்தில் அழுந்திப் பிடிக்கும் வளைந்த பகுதி) மாற்ற வேண்டுமா? இடது பின் டிரம் சுற்றுகிறது, ஆனால் கழன்று வர மறுக்கிறது.

பதில் 1:
கேபிளை இப்போது தொடாதீர்கள். இரண்டாவது மிதிக்குப் பெடல் மேலே வருவது, பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டதைத்தான் காட்டும். கேபிளை இறுக்கினால் ஷூவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாது. அப்படி நின்றுவிட்டால் பல அமைப்புகளில் அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் தானாக வேலை செய்வதும் நின்றுபோகும். நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் கொஞ்ச நாள் மறையும்.

டிரம் சுற்றுகிறது, ஆனால் வரவில்லை என்றால், தேய்ந்த டிரம்மின் விளிம்பில் மேடு விழுந்து ஷூ அதில் மாட்டியிருக்கலாம். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடான பேக் பிளேட்டின் பின்புறம் சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி, மெல்லிய ஸ்குரூ டிரைவரால் அட்ஜஸ்டர் நெம்புகோலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் அட்ஜஸ்டரின் பல்லுள்ள நட்சத்திரச் சக்கரத்தைத் தளர்த்துங்கள். இதைச் செய்யாமல் இழுத்தால் ஷூவைப் பிடித்திருக்கும் ஊசிகள் பிய்ந்துவிடும். டிரம் உட்காரும் ஹப்பில் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அது வேறு கதை: துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊற வையுங்கள். டிரம் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் இருந்தால், பொருந்தும் போல்ட்டுகளை (பல வண்டிகளில் 8 மி.மீ.) மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்குங்கள். தட்டுவதானால் வீல் நட் ஏறும் ஸ்டட்டுகளுக்கு நடுவில். விளிம்பில் தட்டினால் வார்ப்பிரும்பு உடையும்.

ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் இந்த வேலை. ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்.

பதில் 2:
டிரம் வந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். ஷூவின் உரசும் பகுதியான பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ விட்டு ஈரமாகவே துடைத்தெடுங்கள்.

அடுத்து, ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரப்பசை இருக்கலாம். சொட்டினால் சிலிண்டர் போய்விட்டது. கெட்டியாக, கியர் ஆயில் வாடையோடு ஈரம் இருந்தால் ஆக்ஸில் சீல் கசிகிறது. அப்போது சீலை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். ஆக்ஸிலின் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருக்கிறதா, கியர் ஆயில் அளவு கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரீதர் அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை. இரண்டு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதென்றால் பிரேக் ஒருபக்கமாக இழுக்கும்.

பசையால் ஒட்டிய லைனிங் 1.5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ரிவெட் அடித்ததானால் ரிவெட் தலைக்கு மேல் மிஞ்சியிருப்பதுதான் கணக்கு. டிரம்மிலேயே உச்ச விட்டம் வார்த்திருக்கும். நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் லேத்தில் கடைய இடமில்லை, புது டிரம்தான்.

பதில் 1:
மாட்டும்போது ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எது எங்கே என்று பார்க்க மறுபக்கமே மாதிரி. இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும் என்பதால் கலந்துவிடக் கூடாது. மாறிப்போனால் தானாக இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும். முன், பின் ஷூக்களின் லைனிங் நீளம் வேறானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷூ உரசும் பேக் பிளேட் மேடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷூ அதில் சிக்கி, திரும்பாமல் சூடேறும். மேடுகளிலும் அட்ஜஸ்டர் மரையிலும் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும் போதும். சுருள்கள் விலகிய, நீலம் பாய்ந்த ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போடாதீர்கள். டிரம் இல்லாத நேரத்தில் யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

டிரம் லேசாக உரசியபடி ஏறும் அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். டிரம்மை மாட்டிப் பெடலைச் சில தடவை மிதித்தால் ஷூ மையத்துக்கு வரும். பிறகு உரசலைச் சரிபாருங்கள். கடைசியில்தான் கேபிள். லீவர் எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போனது. சிலிண்டர் மாற்றினால் பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க வேண்டும். எஸ்யூவியில் பல மாடல்களுக்குப் பின் ஆக்ஸிலோடு இணைந்த பாரம் உணரும் வால்வு இருக்கும். பின் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தால் பாரமே இல்லை என்று அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஏரும் சரியாக வெளியேறாது. ஆக்ஸில் எடையைத் தாங்கிய நிலையில் ஏர் எடுங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு இரண்டு டிரம்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் முதலில் அந்தப் பக்கத்து ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி இறுகியிருக்கிறதா பாருங்கள்.