கோத்தகிரி வீட்டில் ஒரு பழைய டிவி டியூனர் கார்டு: மீண்டும் பொருத்துவதா, கைவிடுவதா?

பனிமலை (கோத்தகிரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2006இல் வாங்கிய எங்கள் வீட்டுக் கணினியில் பிசிஐ வகை (மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் வகை) டிவி டியூனர் கார்டு ஒன்றைப் பொருத்தி, கேபிள் வயரை நேராக அதில் செருகிப் பல ஆண்டுகள் தொலைக்காட்சி பார்த்தோம். கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு மாறிய பிறகு அதைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிட்டோம்.

இப்போது அந்தக் கார்டு மீண்டும் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா 1990களில் எடுத்த 11 விஎச்எஸ் கேசட்டுகள் அலமாரியில் கிடைத்தன. எங்கள் ஹட்டியின் (படகர் ஊரின்) ஹெத்தை அம்மன் திருவிழா, அத்தையின் திருமணம், பாட்டி தேயிலைத் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்து பாடுவது எல்லாம் அவற்றில் இருக்கின்றன. பாட்டியின் குரல் வேறு எந்த வடிவிலும் எங்களிடம் இல்லை. கார்டின் பின்புறத்தில் ஆன்டெனா துளைக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற வீடியோ உள்ளீடும் இருப்பதால், கேசட்டை ஓட்டும் விசிஆரை அதில் இணைத்து வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்பது என் எண்ணம். வீண் வேலை என்கிறார் என் அண்ணன். அனுபவம் உள்ளவர்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

குன்னூர் சர்வீஸ் எழுதியது:

தம்பி, நான் குன்னூரில் பல ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். உங்கள் அண்ணன் சொல்வதே சரி. டியூனர் கார்டு எந்த வேலைக்காக வாங்கப்பட்டதோ அந்த வேலையே இன்று இல்லை. கேபிள் டிஜிட்டல் மயமாக்கலின் இறுதிக் கட்டமான நான்காம் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 கெடுவாக வைக்கப்பட்டது. தூர்தர்ஷனும் தன் அனலாக் (டிஜிட்டலுக்கு முந்தைய வகை) தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. ஆன்டெனா துளையில் எந்த வயரைச் செருகினாலும் வெறும் புள்ளி மழைதான் தெரியும்.

அது போகட்டும், பதிவுக்காவது பயன்படுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் காலத்து மதர்போர்டுகளில் பழைய வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட் பெரும்பாலும் கிடையாது. ஆகவே கார்டோடு சேர்த்து அந்தப் பழைய கணினியையும் உயிர்ப்பிக்க வேண்டும். அதன் எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் வழங்கும் பெட்டியில்) கெபாசிட்டர்கள் உப்பியிருக்கும், ஹார்டு டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. 64 பிட் விண்டோஸுக்கு இந்த வகைக் கார்டுகள் பலவற்றுக்கு டிரைவரே (கார்டை இயக்கும் மென்பொருளே) வரவில்லை. சில நூறு ரூபாய்க்கு, வீடியோவைக் கணினியில் பதியும் யுஎஸ்பி கேப்சர் கருவி கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

லவ்டேல் ஆசிரியர் எழுதியது:

குன்னூர் நண்பர் சொன்ன முதல் செய்தி உண்மை; ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவோடு நான் உடன்படவில்லை. டியூனர் கார்டு என்பது ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கருவிகள். ஆன்டெனா துளைக்குப் பின்னால் தகரப் பெட்டி போல இருப்பது டியூனர். வானலைகளிலிருந்தோ கேபிளிலிருந்தோ ஒரு சேனலைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அதற்கு இன்று வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அருகில் உள்ள பெரிய சிப், அனலாக் படத்தை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. மஞ்சள் துளையில் வரும் படம் தகரப் பெட்டிக்குள் போகாமல் நேராக இந்தச் சிப்புக்கே போகிறது. பிலிப்ஸ் எஸ்ஏஏ7134, கோனெக்சன்ட் 878 ஆகியவை இந்த வேலையை ஒழுங்காகச் செய்த சிப்புகள். பனிமலைத் தம்பிக்கு வேண்டியது இந்த இரண்டாவது கருவி மட்டுமே.

நம் நாட்டு விஎச்எஸ் கேசட் ‘பால்’ (PAL) எனும் தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தது. ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைக் கோடுகள் ஒரு தடவை என இரண்டு புலங்களாக வருவதால், நொடிக்கு 50 முறை அசைவு பதிவாகிறது. திருவிழாவில் ஆடுபவர்களின் கால் அசைவு வழுக்கிக்கொண்டு போவது போல இயல்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம். பிசிஐ கார்டு இந்த 50 புலங்களையும் தொடாமல் அப்படியே தருகிறது. கடைகளில் பலர் பரிந்துரைக்கும் மஞ்சள் வயரிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறு பெட்டியோ, புலங்களைத் தானாகவே கலந்து, படத்தை இழுத்துப் பெரிதாக்கி, பல சமயம் நொடிக்கு 60 என்ற கணக்குக்கு மாற்றித்தான் அனுப்புகிறது. அப்படிப் போன அசைவைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

டிரைவர் இல்லை என்பது விண்டோஸுக்கு மட்டும் பொருந்தும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இந்த இரண்டு சிப்புகளுக்கும் டிரைவர் இருக்கிறது. தனியாகத் தேட வேண்டியதில்லை.

தேவாலா மழை எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. தொலைக்காட்சி பார்ப்பதற்கு டியூனர் கார்டே பயன்படாது என்று முடிவு கட்டிவிடலாமா? எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. தரைவழி ஒளிபரப்பு இருந்த காலத்தில்கூட, எதிரே நிற்கும் மலை மறைத்ததால், மூங்கில் கம்பத்தில் பூஸ்டர் வைத்தும் நிழல் படம்தான் கிடைத்தது. இப்போது கூரையில் தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் தட்டு வைத்திருக்கிறோம். செயற்கைக்கோள் வகைப் பிசிஐ கார்டும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதுவும் டியூனர்தானே?

லவ்டேல் ஆசிரியர் எழுதியது:

சரியான கேள்வி, அம்மா. செயற்கைக்கோள் டியூனர் கார்டு இன்றும் உயிருள்ள கருவிதான், அதிலும் மலையில் வாழ்பவர்களுக்கு அது தரைவழியைவிடப் பொருத்தமானது. ஃப்ரீ டிஷ் சேனல்களைச் சுமக்கும் ஜிசாட் 15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. நீலகிரியிலிருந்து கணக்கிட்டால் தட்டு தென்கிழக்கை நோக்கி, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 66 பாகை உயரத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு செங்குத்தாகப் பார்க்கும் தட்டை எதிர்மலை மறைப்பது அரிது. வீட்டோரத்துச் சில்வர் ஓக் மரம் மறைக்கலாம். மூடுபனி இதைப் பெரிதாகப் பாதிக்காது, உங்கள் ஊர் ஆடி மழை நிச்சயம் பாதிக்கும். இந்தக் கார்டு செயற்கைக்கோளிலிருந்து வரும் டிஜிட்டல் ஓட்டத்தை அப்படியே கோப்பில் எழுதுவதால், பதிவு செய்வதில் தரம் சிறிதும் குறைவதில்லை. ஆனால் கூரையிலிருந்து கணினிக்குள் நேராக வயர் வருவதால் தட்டை எர்த் செய்யாமல் விடக் கூடாது. சித்திரை மாதத்து இடி மழையின்போது வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

குன்னூர் சர்வீஸ் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் இயற்பியலை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருபவர்கள் கொண்டுவரும் கோப்புகளை நான் தினமும் பார்க்கிறேன். இத்தகைய கார்டில் பதிவான திருமணக் காட்சி ஒன்றில், ஐயர் மந்திரம் சொல்லும் ஒலி முதலில் வாயசைவோடு பொருந்தி வருகிறது. ஒரு மணி நேரம் கழித்து வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். காரணம் எளியது. படத்தை டியூனர் கார்டு தன் கடிகாரத்தை வைத்து எண்ணுகிறது. ஒலியோ சிறு வயர் வழியாகச் சவுண்டு கார்டின் லைன் இன் எனும் ஒலி உள்ளீட்டுத் துளைக்குப் போய், அங்கே வேறொரு கடிகாரத்தில் எண்ணப்படுகிறது. இரண்டுக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே இரண்டு மணி நேரக் கேசட்டில் முக்கால் நொடி விலகிவிடும். பாட்டியின் பாடல்தான் முக்கியம் என்று தம்பி சொல்கிறார். உதடும் பாட்டும் பொருந்தாத பதிவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இடம் எவ்வளவு தேவைப்படும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படத்தைச் சுருக்காமல் பதிந்தால் நொடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல், மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் வேண்டும். 2006ஆம் ஆண்டுக் கணினியின் டிஸ்க் ஒரு கேசட்டைக்கூட முழுதாகத் தாங்காது.

லவ்டேல் ஆசிரியர் எழுதியது:

ஒலி விலகல் உண்மையான குறை. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குறை லைன் இன் வயரால் வருவது, கார்டால் அல்ல. தம்பி, கார்டின் சிப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 7130 என்று இருந்தால் அதற்கு ஒலியைக் கணினிக்கு அனுப்பும் வழி கிடையாது. குன்னூர் நண்பர் எச்சரித்தது அப்படியே நடக்கும். 7134 என்று இருந்தால் படத்தையும் ஒலியையும் ஒரே சிப் ஒரே பாதையில் பிசிஐ வழியாகத் தரும், விலகலும் வராது.

இட விஷயத்தில் நண்பர் சொன்ன எண் சுருக்காத பதிவுக்கு உரியது. தரம் குறையாத சுருக்க முறையில் பதிந்தால் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோ போதும். நொடிக்கு 6 மெகாபிட் அளவில் எம்பெக் 2 ஆகச் சுருக்கினால் மணிக்கு 3 ஜிகாபைட்டுக்கும் குறைவுதான். புதிய டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

பொருத்தும்போது சில கவனங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பவர் வயரையே பிடுங்கிவிடுங்கள். நம் ஊர் உறைபனிக் காலத்தில் காற்று வறண்டிருக்கும். கம்பளி ஸ்வெட்டரோடு கார்டைத் தொட்டால் உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் வெற்று இரும்பைத் தொட்ட பிறகு கார்டை எடுங்கள். மழைக்காலம் பல கடந்த கார்டு என்பதால் அதன் பொன்னிற விளிம்பு கறுத்திருக்கும். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு முனையும் சமமாக இறங்கும்வரை அழுத்தித் திருகை இறுக்குங்கள். மென்பொருளில் ‘பால்’ என்று தேர்ந்தெடுக்காமல் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் விட்டால் படம் உருளும் அல்லது நிறம் இழக்கும்.

பனிமலை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னபடி எல்லாம் செய்தேன். சிப்பில் 7134 என்று தெளிவாக இருக்கிறது. கணினி இரண்டாம் முறை முயன்றதும் எழுந்தது. குன்னூர் அண்ணன் சொன்னது போல எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு கெபாசிட்டர் உப்பியிருந்ததால் அதை மாற்ற வேண்டியதாயிற்று. லினக்ஸ் கார்டைக் கண்டுகொண்டது, ஆனால் இன்ன தயாரிப்பு என்று அடையாளம் தெரியாமல் பொதுவான கார்டாகப் பதிந்துகொண்டது. விசிஆரை ஓட விட்டபோது வெறும் கறுப்புத் திரை. இரவெல்லாம் தேடிய பிறகே, டிரைவருக்குக் கார்டின் எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும், அது தவறாக இருந்தால் மஞ்சள் துளையை டிரைவர் வேறு உள்ளீடாக எண்ணிக்கொள்ளும் என்பது புரிந்தது. ஆறாவது எண்ணில் படம் வந்தது. பழைய செய்தி ஒளிபரப்புப் பதிவு ஒன்று, ஒலியோடு. என் அண்ணன் அறைக்கு வெளியிலிருந்தே சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

படத்தின் அடியில் சில கோடுகள் கலங்கித் துடிக்கின்றன. அது கார்டின் பழுதா?

லவ்டேல் ஆசிரியர் எழுதியது:

இல்லை. விசிஆரின் சுழலும் தலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. தொலைக்காட்சிப் பெட்டி அந்த விளிம்பைத் தன் சட்டத்துக்குள் மறைத்துவிடும், கணினி மறைக்காமல் காட்டுகிறது.

தேவாலா மழை எழுதியது:

கார்டா யுஎஸ்பியா என்ற விவாதத்தில் கேசட்டை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர் ஈரத்தில் ஐந்து கேசட்டுகளை இழந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட விட்டால் பூஞ்சை விசிஆரின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். நான் அப்படித்தான் இழந்தேன். ஓடும் நிலையில் ஒரு விசிஆர் இன்று எளிதில் கிடைக்காது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு உலகில் புதிய விசிஆர் உற்பத்தி முடிந்துவிட்டது. பனிமலைத் தம்பி, உங்கள் கேசட்டுகளில் வெள்ளைப் பொடி இருக்கிறதா?

பனிமலை எழுதியது:

இரண்டில் இருக்கிறது, அக்கா. அதில் ஒன்று பாட்டியின் பாடல் உள்ள கேசட்.

குன்னூர் சர்வீஸ் எழுதியது:

அப்படியானால் அந்த இரண்டையும் விசிஆரில் போடவே போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்து உலர விடுங்கள். பூஞ்சை காய்ந்த பிறகு நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் அவற்றைக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான் செய்வதில்லை. செய்கிறேன் என்று சொல்லும் எல்லோரிடமும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

மற்ற ஒன்பதைப் பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை. கெபாசிட்டர் மாற்றி, ஓர் இரவு முழுதும் விழித்து எண் தேடிய இந்த வழியை என் வாடிக்கையாளர் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் 7134 ஒலியையும் சேர்த்துத் தருகிறது என்பதை நான் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. என்னிடம் எஸ்டிகே1160 சிப் உள்ள யுஎஸ்பி கருவி இருக்கிறது. அதுவும் புலங்களைக் கலக்காமல் தருவதுதான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. கணினியையும், அந்தச் செய்திப் பதிவு உள்ள கேசட்டையும் எடுத்து வாருங்கள். ஒரே கேசட்டை இரண்டு வழியிலும் முழுதாகப் பதிந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் வாயும் குரலும் எங்கே நிற்கின்றன என்று பார்ப்போம். ஆசிரியர் ஐயாவும் வர முடிந்தால் நல்லது.

லவ்டேல் ஆசிரியர் எழுதியது:

காலை ரயிலில் வந்துவிடுகிறேன். திருவிழாக் கேசட்டுகளை மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே விட்டு வாருங்கள், தம்பி.